ஆண்ட்ரூ குரோவின் உரைநடை: தொழில் தலைவர் நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

தமிழில் திறனாய்வு என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. தன்வரலாறும் பயண நூலும் கடித இலக்கியமும் பிற்காலத்தில் ஓரளவு இடம் பெற்றன. ஆயின் ஒரு தொழில் நிறுவனத்தை நடத்தியவர் தம் தொழிலைப் பற்றி எழுதிய நூலை எடுத்துக்கொண்டு, அதன் உரைநடை எத்தகையது, கருத்தைப் படிப்போரிடம் எவ்வாறு கொண்டு சேர்க்கிறது என்று ஆராயும் முயற்சி மிகக் குறைவு. அத்தகைய நூல்கள் பயன் கருதிப் படித்துவிட்டு ஒதுக்கத் தக்கவை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம்.

இவ்வெண்ணம் தமிழ் மரபுக்கு உடன்பாடானதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 64ஆம் அதிகாரம் அமைச்சு. அதனை அடுத்து நிற்பது சொல்வன்மை. வினைத்தூய்மையும் வினைத்திட்பமும் அதற்குப் பின்னரே வருகின்றன. பொறுப்பேற்றவனுக்குச் செயலுக்கு முன் சொல் வேண்டும் என்பதும், அச்சொல்லை அடுத்து வரும் வினையோடு வைத்தே மதிப்பிட வேண்டும் என்பதும் இவ்வைப்பு முறையால் பெறப்படும் கருத்துகள். எனவே தலைவர் ஒருவர் எழுதிய நூலுக்கு இரண்டு அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம். கருத்து சிதையாமல் படிப்போரைச் சென்றடைகிறதா என்பது ஒன்று. எழுதியவர் தம் சொல்லுக்கும் செயலுக்கும் பொறுப்பேற்கிறாரா என்பது மற்றொன்று. இவ்விரு அளவுகோல்களாலும் ஆராய்வதற்கு ஏற்றவை, இன்டெல் நிறுவனத்தின் தலைவராக விளங்கிய ஆண்ட்ரூ குரோவின் நூல்கள்.

எழுத்தை விட்டு ஓடியவர்

குரோவ் 1936ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் செங்காய்ச்சலால் தாக்குண்டு செவித்திறனில் பெரும்பகுதியை இழந்தார். நாஜிகளின் பிடியிலிருந்து உயிர் தப்பினார். 1956ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்டபோது எல்லையைக் கடந்து, 1957ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கா சேர்ந்தார். நியூயார்க் நகரக் கல்லூரியில் வேதிப் பொறியியல் பயின்று, 1963இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். 1968இல் ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் இன்டெல்லைத் தொடங்கியபோது அவர்களோடு இணைந்தார். 1987இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகி, 1998 வரை அப்பொறுப்பில் இருந்தார். 2016இல் மறைந்தார்.

மலேசியருக்கு இன்டெல் அந்நியப் பெயரன்று. அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே நிறுவிய முதல் தொழிற்சாலை, 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் எழுந்ததாகும். நெல் வயல்கள் இருந்த நிலத்தில் மின்னணுத் தொழில் வேர்விட்ட வரலாற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

குரோவின் இளமையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்குக் கருதத்தக்கது. சிறுவனாக இருந்தபோது அவர் இளைஞர் இதழ் ஒன்றில் ஆர்வத்தோடு எழுதி வந்தார். உறவினர் ஒருவர் அரசால் கைது செய்யப்பட்டதும் அவருடைய எழுத்துகள் அவ்விதழில் இடம் பெறாமற் போயின. அரசியல் சாயல் படிந்த ஒருவரது விருப்பு வெறுப்பே தம் உழைப்பின் தகுதியை முடிவு செய்யக்கூடிய தொழில் தமக்கு வேண்டாம் என்று துணிந்து, எழுத்திலிருந்து அறிவியலுக்கு ஓடியதாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். ஓடிய மனிதர் பின்னர், தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் நூல் பல எழுதினார். 1967இல் வெளிவந்தது குறைகடத்திக் கருவிகள் பற்றிய பாடநூல். 1983இல் 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' வெளிவந்தது; 'மிகுவிளைவு மேலாண்மை' என அதனைத் தமிழில் வழங்கலாம். 1996இல் 'ஒன்லி த பாரனாய்ட் சர்வைவ்' தோன்றியது. 'ஐயமுடையோரே பிழைப்பர்' என்பது அதற்கு ஏற்ற பெயராகலாம். 2001இல் தம் இளமை வரலாற்றையும் எழுதினார். இவற்றுள் 1983, 1996ஆம் ஆண்டுகளின் நூல்கள் இரண்டுமே இங்கு ஆய்வுக்கு உரியவை.

முட்டை, ரொட்டி, காப்பி

மேலாண்மை நூல்கள் பெரும்பாலும் வரையறையோடு தொடங்கும். குரோவோ ஒரு காலைச் சிற்றுண்டியோடு தொடங்குகிறார். மூன்று நிமிடம் வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, காப்பி ஆகிய மூன்றையும் சூடாக, ஒரே நேரத்தில், உண்பவர் முன் வைக்க வேண்டும். இதுவே அவர் விடுக்கும் புதிர். அரைவேக்காட்டு முட்டையும் வாட்டிய ரொட்டியும் காப்பியும் மலேசிய, சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் நாள்தோறும் மேசைக்கு வருபவை. ஆதலின் இவ்வுவமை அமெரிக்க வாசகரைவிட இந்நாட்டு வாசகருக்கே நெருக்கமானது எனலாம்.

மூன்றனுள் மிகுந்த நேரம் எடுப்பது முட்டை. எனவே முட்டையை மையமாக வைத்து, ரொட்டியை எப்போது வாட்டத் தொடங்குவது, காப்பியை எப்போது ஊற்றுவது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எல்லா உற்பத்தியிலும் இவ்வாறு ஒரு தடைப்படி இருக்கிறது. திட்டம் முழுவதையும் அதனைச் சுற்றியே அமைக்க வேண்டும் என்பது குரோவ் இதிலிருந்து பெறும் முடிபு. அழுகிய முட்டையை உண்பவரின் தட்டில் கண்டுபிடிப்பதைவிட, கடை வாசலில் கூடையை இறக்கும்போதே கண்டுபிடிப்பது மேல். பொருளின் மதிப்பு ஏற ஏறக் குறையால் நேரும் இழப்பும் ஏறும் என்பது அடுத்த முடிபு.

இதுவரை எளிய உவமையே. குரோவின் திறம் இதற்குப் பின்னர் வெளிப்படுகிறது. கல்லூரி மாணவரைத் தேர்ந்து வேலைக்கு எடுக்கும் பணியிலும் அவர் அதே முட்டையைக் காட்டுகிறார். மாணவரை நிறுவனத்திற்கு வரவழைத்து நேர்காணல் நடத்துவதே மிகுந்த செலவு பிடிக்கும் படி. ஆகையால் தொலைபேசியில் முன்கூட்டியே பேசி, தகுதியற்றோரை வடித்துவிட்டால் அச்செலவு குறையும். சமையற்கட்டில் தோன்றிய கருத்து அலுவலகத்திற்குள் நடந்து வந்துவிடுகிறது. உவமை அலங்காரமாக நின்றுவிடாமல் நூலின் கட்டமைப்பாகவே மாறுகிறது. பின்வரும் இயல்களில் நிறுவனம் பெரிதாகும்போது சிற்றுண்டிக் கடையும் பல கிளைகளாக விரிகிறது. அவ்வாறு விரியும்போது எவற்றை மையம் முடிவு செய்ய வேண்டும், எவற்றைக் கிளைகளிடம் விட வேண்டும் என்னும் கடினமான வினா அச்சிறு கடையின் வாயிலாகவே எழுப்பப்படுகிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் ஆசிரியர் அனைவரும் அறிந்த கற்பித்தல் முறை. ஆயினும் வகுப்பறையில் பல உவமைகள் பாடத் தொடக்கத்தில் தோன்றி, பத்து நிமிடத்தில் மறைந்துவிடுகின்றன. ஓர் உவமையைத் தேர்ந்து, அது தாங்கும் எல்லைவரை அதனையே நடத்திச் செல்லும் பொறுமை குரோவிடம் காணப்படுகிறது. அவருடைய தெளிவுக்கு முதற் காரணம் இதுவே.

எழுதுதல் ஒரு பயிற்சி

அறிக்கை எழுதுவது பற்றி இந்நூல் கூறும் கருத்து சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. அறிக்கையின் பயன் செய்தியைத் தெரிவிப்பதில் அவ்வளவாக இல்லை என்கிறார் குரோவ். எழுத உட்கார்ந்த அதிகாரி, வாய்மொழியில் நழுவிச் செல்வது போல எழுத்தில் நழுவ இயலாது. தம் எண்ணத்தை ஒழுங்குபடுத்தியே தீரவேண்டும். தாம் எங்கே இடர்ப்படுகிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்கே தெரியவரும். ஆகவே அறிக்கையை எழுதுவது இன்றியமையாதது. அதனைப் படிப்பது பல வேளைகளில் அவ்வாறன்று என்பது அவர் கருத்து.

இதனை முழுவதும் ஏற்பதற்கு இயலாது. படிப்பார் இல்லாத எழுத்து நாளடைவில் சடங்காகிவிடும். யாரும் திருத்தாத கட்டுரையை மாணவர் எவ்வளவு கவனத்தோடு எழுதுவர் என்பது தமிழாசிரியர் அறியாததன்று. எழுதுவோனின் ஒழுக்கம், படிப்போன் ஒருவன் காத்திருக்கிறான் என்ற உணர்வால் காக்கப்படுகிறது. குரோவ் இப்பக்கத்தைக் கருதாமல் விட்டது அவர் வாதத்தில் ஒரு குறையே. எனினும் எழுத்து என்பது முடிந்த எண்ணத்தின் படி என்று கருதாமல், எண்ணத்தை முடிக்கும் கருவி என்று அவர் கண்டது உண்மையான அறிவு.

நூலின் இறுதிப் பகுதி பயிற்சி அளித்தலைப் பற்றியது. பணியாளருக்குக் கற்பிப்பது மேலாளரின் கடமை. அதனைப் பிறரிடம் ஒப்படைத்தல் தகாது என்று அவர் வற்புறுத்துகிறார். அதற்கு அவர் தரும் சான்று ஒரு சிறு கணக்கு. நான்கு விரிவுரைகள்; ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேர ஆயத்தம்; ஆக 12 மணி நேரம். கேட்போர் 10 பேர். அவர்கள் அடுத்த ஆண்டில் உழைக்கும் நேரம் ஏறத்தாழ 20,000 மணி. அவர்களுடைய செயல்திறன் 1 விழுக்காடு உயர்ந்தாலும் 200 மணி நேர உழைப்புக்கு ஈடான ஆதாயம் கிடைக்கிறது. கற்பித்தலின் பெருமையை உணர்ச்சிச் சொற்களால் பேசியோர் பலர். அதனைக் கூட்டல் கழித்தலால் நிறுவியவர் சிலரே. எண்ணையும் எழுத்தையும் இணைத்த இவ்விடம் நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

சொல்ல முடியாமற் போன சொல்

1996ஆம் ஆண்டின் நூல் வேறு தன்மையது. முதல் நூல் வகுப்பறையில் நின்று பேசுகிறது. இரண்டாம் நூல் ஆபத்திலிருந்து மீண்டவர் பேசுவது போல் அமைந்துள்ளது. தொழிலின் அடிப்படையே மாறும் தருணங்களை எவ்வாறு அறிவது, அவற்றை எவ்வாறு கடப்பது என்பது அதன் பொருள்.

இன்டெல் தொடக்கத்தில் நினைவகச் சில்லு செய்யும் நிறுவனம். 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் முந்திச் சென்றன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நிறுவனத்திற்குள் முடிவற்ற விவாதம் நடந்தது. 1985இல் ஒரு நாள் குரோவ், கார்டன் மூரை ஒரு வினா வினவினார்: நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவரை அமர்த்தினால் அவர் என்ன செய்வார்? நினைவகத் தொழிலை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே சென்று, மீண்டும் உள்ளே வந்து, அதனைச் செய்தால் என்ன என்று குரோவ் கேட்டார்.

இவ்வுரையாடல் உலகெங்கும் மேற்கோளாக வழங்குகிறது. ஆயினும் இலக்கிய நோக்கில் இதைவிடச் சிறந்தது, இதனை அடுத்து வரும் பகுதி. முடிவு எடுத்த பின்னரும் அதனை வாய்விட்டுக் கூறக் குரோவால் இயலவில்லை. உடன் பணியாற்றியோரிடம் பேசும்போது சொற்கள் தடுமாறின. வெளிப்படையாகக் கூறாமல் மழுப்பினார். தொலைவில் இருந்த ஒரு கிளைக்குச் சென்றபோது, இரவு விருந்தில் அங்கிருந்த அதிகாரிகள், நினைவகத் தொழில் இல்லாத இன்டெல்லை உம்மால் நினைத்துப் பார்க்க இயலுமா என்று நேரடியாகக் கேட்டனர். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, இயலும் என்று நினைப்பதாக விடையிறுத்தார். அமளி எழுந்தது.

கருத்துகளைத் தெளிவாகச் சொல்வது எப்படி என்று பிறருக்கு நூல் எழுதி இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்நூலின் ஆசிரியரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் நின்ற காட்சி இது. அதனை மறைக்காமல் எழுதியிருப்பதே இரண்டாம் நூலின் உயர்வு. மேலும், தலைவர்கள் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், உற்பத்தித் திட்டம் வகுத்த இடைநிலை ஊழியர்கள், ஆதாயம் மிகுந்த நுண்செயலிகளுக்கே தொழிற்சாலைத் திறனைச் சிறிது சிறிதாகத் திருப்பிவிட்டிருந்தனர் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். முடிவைத் தெரிவித்தபோது வாடிக்கையாளர் சிலர், இதற்கு இவ்வளவு காலம் ஆயிற்றா என்ற பொருளில் பேசினர் என்பதையும் பதிவு செய்கிறார். தலைவரே எல்லாவற்றையும் முன்னறிந்தார் என்று புனைவது இவ்வகை நூல்களில் மலிந்த குற்றம். குரோவ் அதற்கு ஆளாகவில்லை.

ஒப்புநோக்குக்காக, ஜெனரல் மோட்டார்சின் தலைவராயிருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் அந்நிறுவனத்தில் தாம் கழித்த ஆண்டுகளைப் பற்றி எழுதி 1964இல் வெளிவந்த நூலைக் கூறலாம். இதழாசிரியர் ஜான் மக்டானல்டு அதன் எழுத்துப் பணியில் துணை நின்றார். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வெளியீட்டைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தினர். மக்டானல்டு வழக்குத் தொடுத்த பின்னரே நூல் வெளிவந்தது. அமைப்பைப் பற்றிய சிந்தனையில் அது ஆழமானது. எனினும் அதில் குழுக்களும் கொள்கைகளும் பேசும் அளவுக்கு மனிதர் பேசுவதில்லை. தயங்கி எச்சில் விழுங்கும் தலைவரை அந்நூலில் எதிர்பார்க்க இயலாது.

27,000 ஆண்டுகள்

இரண்டாம் நூலின் தொடக்கம் 1994ஆம் ஆண்டின் பென்டியம் சில்லு நிகழ்ச்சி. அச்சில்லு வகுத்தற் கணக்கில் மிக அரிதாகப் பிழை செய்தது. தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் அதனைக் கண்டறிந்தார். 900 கோடி வகுத்தல்களில் ஒரு முறையே பிழை நேரும், சாதாரணப் பயனாளர் ஒருவர் அதனை 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறையே சந்திப்பார் என்று நிறுவனத்தார் கணக்கிட்டனர். ஆகவே, தேவை உண்டு என்று மெய்ப்பிப்போருக்கு மட்டும் சில்லை மாற்றித் தர முடிவு செய்தனர். மக்களின் சினம் மூண்டது. ஐபிஎம் நிறுவனம் அச்சில்லுடைய கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதே டிசம்பரில் இன்டெல் பணிந்து, கேட்போர் அனைவருக்கும் மாற்றித் தர இசைந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டாலர்.

குரோவ் இதற்குக் கூறும் விளக்கம் அமைப்புச் சார்ந்தது. 1991இல் தொடங்கிய விளம்பர இயக்கத்தால் இன்டெல், கணினி செய்வோரைக் கடந்து பொதுமக்களுக்கு நேரடியாக அறிமுகமாயிற்று, விதிகள் மாறிவிட்டன, அது தமக்குப் பிந்தியே புரிந்தது என்கிறார். இவ்விளக்கம் உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. இங்கு நேர்ந்தது சொல்லின் தோல்வியும் ஆகும். மக்கள் கேட்டது, உங்கள் பொருளை நம்பலாமா என்பது. நிறுவனம் கொடுத்த விடை, பிழை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்பது. விடையில் பொய் இல்லை. ஆனால் அது வேறொரு வினாவுக்கு உரிய விடை. உமக்குத் தேவை உண்டா இல்லையா என்பதை யாமே தீர்மானிப்போம் என்ற தொனி, கணக்கைவிட உரத்து ஒலித்தது. பொறியாளருக்குப் பொறியாளர் பேசும் மொழி பொதுமக்கள் அவையில் பயன்படவில்லை. பொருட்பாலின் 72ஆம் அதிகாரமாகிய அவையறிதல் நினைவுக்கு வரவேண்டிய இடம் இது.

அழுகிய முட்டையை வாசலிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று 1983இல் எழுதியவரின் நிறுவனத்தில், பிழையுள்ள பொருள் உண்பவர் தட்டுவரை சென்றுவிட்டது. தம் முதல் நூலின் உவமையையே இந்நிகழ்ச்சிமேல் பொருத்திப் பார்த்திருந்தால், இரண்டாம் நூலின் தொடக்க இயல் இன்னும் நேர்மையும் ஆழமும் பெற்றிருக்கும்.

மறைந்துபோன மனிதர்

இரு நூல்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. முதல் நூலில் மனிதரின் உழைப்பு பெரும்பாலும் 'விளைவு' என்னும் அளவையால் நோக்கப்படுகிறது. மேலாளரின் விளைவு என்பது அவர்தம் பிரிவின் விளைவும், அவர் செல்வாக்குக்குட்பட்ட பிற பிரிவுகளின் விளைவும் சேர்ந்தது என்னும் அவருடைய சூத்திரம், தலைவரின் தற்பெருமையைக் குறைப்பதற்கு நல்ல மருந்து. ஆனால் அச்சூத்திரத்தில் உழைப்பவரின் களைப்புக்கும் மனநிறைவுக்கும் இடமில்லை.

இரண்டாம் நூலில் இக்குறை மிகுகிறது. நினைவகத் தொழிலை விட்டு வெளியேறிய காலத்தில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அக்காலத்தைக் குரோவ் மரணப் பள்ளத்தாக்கு என்னும் உருவகத்தால் குறிக்கிறார். பள்ளத்தாக்கைக் கடந்து மறுகரை ஏறியோரின் கதையே நூலில் விரிவாக உள்ளது. அதனுள்ளேயே நின்றுவிட்டோரின் கதை சில தொடர்களில் முடிந்துவிடுகிறது. தம் தயக்கத்திற்குப் பல பக்கம் ஒதுக்கிய ஆசிரியர், தம் முடிவின் விலையைக் கொடுத்தோருக்கும் ஓர் இயல் ஒதுக்கியிருக்கலாம். முதலில் வகுத்துக்கொண்ட இரண்டாம் அளவுகோலின்படி, சொல்லுக்கும் செயலுக்கும் பொறுப்பேற்பதில் குரோவ் இவ்விடத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார். நாடிழந்து, மொழியிழந்து, கப்பலேறி வந்த ஒருவரிடம் இதனை எதிர்பார்ப்பது மிகையாகாது.

முடிபு

தெளிவு என்னும் அளவுகோலால் நோக்கின் 1983ஆம் ஆண்டின் நூலே சிறந்தது. அதன் உவமை, கணக்கு, வாக்கிய அமைதி ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நேர்மை என்னும் அளவுகோலால் நோக்கின், குறைகள் இருப்பினும் 1996ஆம் ஆண்டின் நூல் ஒரு படி மேலே நிற்கிறது. சொல்வன்மை என்பது தடையின்றிப் பேசுதல் மட்டுமே என்று எண்ணுவோருக்கு, இரவு விருந்தில் தடுமாறி நின்ற அத்தலைவரின் காட்சி நல்ல பாடமாகும். அத்தடுமாற்றத்துக்குப் பின்னும் அவர் வினாவுக்கு உரிய விடையையே கொடுத்தார். பென்டியம் நிகழ்ச்சியிலோ, சரளமான கணக்கு இருந்தும் வினாவுக்கு உரிய விடை இல்லை.

தமிழ் வகுப்புகளில் கட்டுரைப் பயிற்சி பெரும்பாலும் இலக்கியப் பொருள்களோடும் பொது அறிவுத் தலைப்புகளோடும் நின்றுவிடுகிறது. நாளை ஒரு தொழிற்சாலையிலோ பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பொறுப்பேற்கப் போகும் மாணவர், தாம் எடுத்த ஒரு முடிவைப் பிறருக்கு விளக்கி எழுதும் பயிற்சியையும் தமிழிலேயே பெற வேண்டும். காப்பிக்கடையின் முட்டையும் ரொட்டியும் தமிழ் மாணவருக்கும் தெரிந்தவையே. அவற்றைக் கொண்டு ஒரு பெருந்தொழிலின் இயக்கத்தை விளக்குவது தமிழுக்கு இயலாத செயலன்று. இதுவரை அதற்கான கட்டுரைத் தலைப்பு வகுப்பில் கொடுக்கப்படவில்லை என்பதே குறை.